கதவில் மிதந்த கோழி

வெள்ளத்தில் ஒரு பழைய மரக்கதவு மிதந்து போனது. அதன் மேல் ஒரு கோழியும் ஒரு மரவட்டையும் இருந்தன.

"எனக்குப் படகு வரும்," என்றது கோழி. "நான் முட்டை போடுறவ. மனுஷங்க தேடாம இருக்க மாட்டாங்க. உன்னால அவங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

மரவட்டை யோசித்துப் பார்த்தது. "ஒண்ணும் இல்லக்கா. மக்கின இலையைத் தின்னுவேன். மழை பெஞ்சா சந்தோஷமா இருக்கும்."

"அப்புறம் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்க? இறங்கு."

கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. மரவட்டை பயந்துபோய்த் தாழ்ப்பாளைச் சுற்றிக்கொண்டது. அதைக் கொத்தித் தள்ளிவிடக் கோழி எழுந்தது. அந்த நேரம் பார்த்து அதற்கு முட்டை வந்துவிட்டது. முட்டை விளிம்பை நோக்கி உருண்டது.

"அக்கா, முட்டை விழப்போகுது."

"விழட்டும். எடுத்துக்க இங்க ஆள் யாரு இருக்கா?"

"உள்ளயே ஒரு ஆள் இருக்குமேக்கா," என்றது மரவட்டை.

கோழி திடுக்கிட்டது. ஓடிப்போய் முட்டையைக் காலால் தடுத்து, நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதுவரை அது எந்த முட்டையின் மேலும் உட்கார்ந்ததில்லை. போட்டதுமே யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

மாலையில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அதிலிருந்து ஒருவர், "பா... பா... பா..." என்று கோழியைக் கூப்பிட்டார்.

கோழி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கதவோடு கதவாகப் படுத்தது. பிறகு ஒரு சிறகை லேசாகத் தூக்கி மரவட்டையிடம் சொன்னது:

"சீக்கிரம் உள்ள வா. உன் காலெல்லாம் வெளியே தெரியுது."