வசந்தாமணியின் மாத்திரை

வீட்டுக்கே வந்திருந்த நர்சம்மா வசந்தாமணியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். ஏழு மாசக்காரிக்குக் கண் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"இந்த ரத்தத்தோட பிரசவம் ஆனா உசுருக்கே ஆபத்து. ஊட்டுக்காரர் எங்க?"

"கட்டில்ல படுத்திருக்கறாருங்க. மூணு நாளாக் கெணத்து வேலைக்கும் போகலீங்க. என்ன நோவுன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாரு."

"அது கெடக்கட்டும். நான் குடுத்த இரும்புச் சத்து மாத்திரை?"

"தெனம் ஒண்ணு முழுங்கறனுங்க."

"வெளிக்குக் கருப்பாப் போகுதா?"

"சீ, இல்லீங்க!"

"அப்ப நீ முழுங்கவே இல்ல. அதத் தின்னா கருப்பாத்தான் போகும். பயப்பட ஒண்ணுமில்ல."

வசந்தாமணி தலைகுனிந்தாள். "கொழந்த கருப்பாப் பொறக்கும்னாங்க. தொடவே இல்லீங்க. அடுக்குப்பானைக்குள்ள வெச்சிருக்கறனுங்க."

"எடுத்துட்டு வா. என் கண்ணு முன்னால ஒண்ணு முழுங்கு."

எடுத்து வந்த டப்பாவில் ஒரு மாத்திரைகூட இல்லை.

போர்வையை உதறிவிட்டு அவள் புருஷன் தங்கசாமி துள்ளி எழுந்தான்.

"ஏனுங்க நர்சம்மா, சத்து மாத்திரைதானேன்னு ரெண்டு ரெண்டா முழுங்கினனுங்க. அப்ப நான் சாக மாட்டனுங்களா?"