எதைக் கட்ட எது

லினக்ஸ் இயங்குதளத்துக்காக ஜாவா நிரல் நூலகங்களைத் தொகுப்பது மதுவந்தியின் வேலை. ஒவ்வொன்றையும் மூலநிரலிலிருந்தே கட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அன்று வந்த இரண்டில், முதலாவதைக் கட்ட இரண்டாவது வேண்டும். இரண்டாவதைக் கட்ட முதலாவது வேண்டும்.

"மூளையைக் கழற்றி வெச்சிட்டு எழுதியிருக்கானுங்க," என்றாள்.

பக்கத்து மேசைத் திருமாறன் சிரித்தபடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவனுக்காக அவள் மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள்.

"நம்ம கல்யாணத்துக்கு வீட்ல என்ன சொன்னாங்க?"

"அப்பா சரின்னா அம்மாவுக்குச் சரியாம், மது. அம்மா சரின்னாதான் அப்பா சரி சொல்வாராம்."

"இதுல நீ எங்க இருக்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"நான் அம்மா பக்கம்."

மதுவந்தி அவன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.