வாடகை அப்பா

குரோம்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் விடிகாலை ஐந்துக்குத் திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் அடைப்பார். அதற்குள் மகள் தூங்கிப்போவாள். அப்பன் இல்லாத குறை பிள்ளைக்குத் தெரியக்கூடாதென்று, தன் முகமும் குரலும் கொண்ட இயந்திர ஆள் ஒன்றை வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்தார். கம்பெனிக்காரன் பேச்சை நம்பிய ஏமாளி மனுஷன். மூன்று வருஷம் ஓடிப்போனது.

நாலு வயது மலர்விழிக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் நடுப்பகலில் கடையை அடைத்துவிட்டு ஓடினார். பிள்ளை இயந்திரத்தின் மடியில் சுருண்டு கிடந்தாள்.

"அப்பாகிட்ட வா தாயி," என்று கையை நீட்டினார்.

அவள் இயந்திரத்தின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கடை அண்ணாச்சி உங்க மொகத்த வச்சிக்கிட்டு என்னையத் தூக்க வாராரு. போகச் சொல்லுங்கப்பா."

மனைவி தங்கபுஷ்பம் அவரை வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"பிள்ளை பயப்படுது. தூங்கினதும் சொல்லுதேன், அப்ப வந்து பாத்துட்டுப் போங்க."