ஆமென் வரை

சாளை கிடைக்காவிட்டால் நெத்தோலி வாங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் ராஜையன் மீன் வாங்கும் கூடையை எடுத்தார்.

டி.வி.யில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. அதிவேக ரயில் பாதையைக் கன்னியாகுமரி வரை நீட்டும் மசோதா. மேசையைத் தட்டினார்கள். நிறைவேறிவிட்டது.

“ஏட்டி, இனி மெட்ராசுல ஜாஸ்மிக்க வீட்டுல போயி காப்பி குடிச்சிட்டு, ராத்திரி கஞ்சிக்கு இஞ்ச வந்திருவேன், கேட்டியா.”

ஜாஸ்மி எங்கள் மகள். மெட்ராஸ் இருக்கட்டும், முதலில் தண்டவாளத்தைத் தாண்டி மீனோடு வாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே செருப்பைப் போட்டார்.

எங்களுக்கு எல்லாமே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான். சர்ச், ரேஷன் கடை, தக்கலை பஸ், மீன் விற்கும் ரீத்தா. சுரங்கப்பாதை கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை கல்லறைக்குப் போய்விட்டது. மேம்பாலத்தைச் சுற்றி வந்தால் மீன் நாறிவிடும்.

வளைவு மறைப்பதால் ரயில் கண்ணுக்குத் தெரியாது. காதை வைத்துத்தான் கடப்போம். ஓடைப் பாலத்தருகே ஹாரன் கேட்டதும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்க வேண்டும். ஆமெனுக்குள் அந்தப் பக்கம் ஏறிவிடலாம். அதற்குப் பிறகுதான் ரயில் வரும். பிள்ளைகளுக்கு இப்படித்தான் கடக்கப் பழக்குவோம். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அய்யாவழி, சர்ச்சுக்கு வராதவள். அவளுக்கும் ஜெபம் மனப்பாடம்.

அன்றும் ஹாரன் கேட்டது. அடுப்படியில் நின்ற நானும் பழக்கத்தில் மனதுக்குள் தொடங்கினேன்.

ஜெபத்தின் நடுவில் அன்றாட அப்பம் கேட்கும் வரிக்குக்கூட நான் வந்து சேரவில்லை. ஜன்னல் அதிர, ரயில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.

மசோதாவைக் கொண்டாட, பழைய பாதையிலேயே வேகச் சோதனை விட்டிருந்தார்கள். ஜங்ஷனில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அத்துமீறிக் கடந்தார் என்று ரயில்வே போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். பார்த்துப் போயிருக்கலாமே என்றார்கள் துக்கம் கேட்க வந்தவர்கள். வளர்ச்சி வரும்போது மக்களும் கொஞ்சம் மாற வேண்டும் என்றார் ஒரு கட்சிக்காரர், என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே. டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கி, காப்பியை முற்றத்தில் கொட்டினேன்.

என் வீட்டுக்காரர் அவசரப்படுகிற மனிதர் இல்லை. ரீத்தா அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அண்ணனுக்க உதடு அனங்கிட்டேதான் இருந்து, அக்கா.” ஜெபத்துக்குத்தான் அசைந்திருக்கிறது.

பாலத்தருகே ஒரு மஞ்சள் பலகை உண்டு. அதைப் பார்த்துத்தான் ரயில் ஓட்டுகிறவர் ஹாரன் அடிப்பார். வேகத்தைக் கூட்டினால் அந்தப் பலகையையும் தூரத் தள்ளி நட வேண்டுமாம். விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவர், மற்றவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

சட்டத்தை ஒரே மத்தியானத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு பலகையைப் பிடுங்கி நட ஆளில்லை.

ஜங்ஷனில் புது ரயிலின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துப்போய், அதை மாற்றி வேறு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அந்த ரயில் வரவில்லை. அந்த வேகம் மட்டும் பழைய பாதையில் தினமும் வருகிறது. ஞாயிறுதோறும் பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொண்டே சர்ச்சுக்குக் கடக்கிறார்கள்.

நேற்றும் ஓடைப் பாலம் வரை நடந்து போய்ப் பார்த்தேன்.

மஞ்சள் பலகை அதே இடத்தில் நிற்கிறது.