அம்பதுதானுங்க ஆச்சு

குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மாதேஸ்வரன் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். தலை ஏற்கெனவே அண்டங்காக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கொடியில் மகனின் பழைய ஜீன்ஸ் பேன்ட் தயாராகத் தொங்கியது.

"ஏனுங்க, யாரைப் பாக்கறதுக்கு இத்தனை அலங்காரம்?" வெளியே நின்று மனைவி மருதாயி கேட்டாள்.

"வந்து சொல்றேன் போ!"

சொல்லிவிட்டா போகப்போகிறார் என்று நினைத்தாள் அடுத்த வீட்டு வனிதா. துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோரம் வந்து நின்றாள். பெரியவருக்குக் கிளியூர்ப் பக்கம் ஏதோ சகவாசம் என்று அவள் முடிவுக்கு வந்தாள். அரை மணியில் தெருவே அந்த முடிவுக்கு வந்தது.

பாவம், மனுஷன் போனது வேலை தேடி. காப்பி எஸ்டேட்டில் தினமும் ஆள் பேர் எழுதும் ரைட்டராக இருந்தவர். ஆள் பேரெல்லாம் போனுக்குள் போனதும், "பெரியவரே, நீங்க ஓய்வா இருங்க" என்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் லாட்ஜ், பெட்ரோல் பங்க், மரக்கடை என்று போன இடமெல்லாம் முதல் கேள்வி வயசு. அறுபத்து மூன்று என்றதும் இரண்டாவது கேள்வியே கிடையாது.

சேலத்து மகன் ராஜ்குமார் வேறு கெடு வைத்துவிட்டான். "இந்த மாசம் வேலை கெடைக்கலைன்னா கீழ எங்கூட வந்துருங்கப்பா. வண்டி அனுப்பறேன்." கீழே என்றால் வெயில், மூன்றாவது மாடி, நாள் முழுக்க மருமகளின் டிவி சீரியல். மலையைவிட்டு இறங்குவதை நினைத்தாலே அவருக்கு இங்கேயே வேர்த்தது.

இந்த நேரத்தில்தான் மளிகைக்கடை முபாரக்கின் போனுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. மாதேஸ்வரனிடம் இருப்பது பட்டன் போன். இதெல்லாம் அதில் எட்டிப் பார்க்காது. முபாரக்தான் படித்துக் காட்டினான்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட புது ஆபீஸாமுங்க ரைட்டரய்யா. உக்காந்து பாக்கற வேலை. வெள்ளிக்கெழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. அப்பறம் வயசு வந்துங்க..."

"போதும் தம்பி, போதும்!" கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டார் மாதேஸ்வரன். அதற்கு மேல் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அங்கேயே கேட்டு வாங்கினார் ஒரு சாயப் பொட்டலம். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஆதார் கார்டை வேண்டுமென்றே அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டும் போனார்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் வரிசையாக வெள்ளைத் தலைகள். ஒருவர் கையில் ஊன்றுகோல், இன்னொருவர் முழங்காலில் கட்டு. ஒரு பொட்டலம் சாயம் வாங்கத் துப்பில்லாமல் வேலைக்கு வந்துவிட்டார்களே என்று மாதேஸ்வரனுக்கு மனசார இரக்கமாக இருந்தது.

அந்த வரிசையில் பழைய பஸ் டிரைவர் சேகரும் இருந்தார். கண்ணில் புரை. இவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ ராஜ்குமார்தானே? உங்கப்பன் ரைட்டர் சௌக்கியமா இருக்காரா?" என்றார்.

"இருக்காருங்க, இருக்காருங்க." சந்தோஷத்தில் மாதேஸ்வரனுக்கு இடுப்பு வலி கூட நின்றுவிட்டது.

உள்ளே சனா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஆள் எடுக்கும் பொறுப்பு அவளுடையதாம். "உக்காருங்கண்ணா" என்றாள். அண்ணா! தாத்தாவும் இல்லை, பெரியவரும் இல்லை. பாதி வேலை கிடைத்த மாதிரிதான்.

"போன்ல பணம் அனுப்பறது, டோக்கன் போடறது, இதெல்லாம் உங்களுக்குச் சிரமமா இருந்திருக்குங்களா?"

"சிரமமா? கண்ண மூடிக்கிட்டுப் பண்ணுவனுங்க!"

அவள் முகம் ஏனோ கொஞ்சம் வாடியது. "எங்கயாச்சும் ஒண்ணும் புரியாம முழிச்சுட்டு நின்னது? அப்படி எதுவும்?"

போன வாரம்தான் கண் டாக்டரைப் பார்க்கப் போய், போனில் டோக்கன் போடத் தெரியாமல், பார்க்காமலே திரும்பி வந்திருந்தார். அது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"அதெல்லாம் கெழடுங்க படற பாடுங்க. வெளிய பெஞ்சில உக்காந்திருக்குதுங்க பாருங்க, அந்த மாதிரி. எத்தனை சொன்னாலும் மண்டையில ஏறாது. அதுங்களை வெச்சுக்கிட்டு நொம்பத் தொந்தரவுங்க."

சனா பேனாவை மூடி வைத்தாள். "உங்களுக்கு வயசு எத்தனைங்கண்ணா?"

இதற்காகத்தானே காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "அம்பதுதானுங்க ஆச்சு."

"நல்ல சுறுசுறுப்பா இருக்கீங்கண்ணா. ஆனா இது அறுபது தாண்டினவங்களுக்கு மட்டுமே வெச்சிருக்கற வேலைங்க. போன் தெரியாத பெரியவங்க எங்களை மாதிரிச் சின்னவங்ககிட்டக் கேக்கக் கூச்சப்படறாங்க. அதனால, அதே மாதிரி திண்டாடிப் பாத்த பெரியவங்களுக்கே நாங்க சொல்லிக் குடுத்து, உதவிக்கு உக்கார வெக்கப் போறோம்."

மாதேஸ்வரன் சட்டைப் பையைத் தடவினார். ஆதார் கார்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பெஞ்சு மொத்தமும் அவரையே முறைத்துக்கொண்டிருந்தது.

சனா எழுந்து கதவு வரை கூடவே வந்தாள். அவர் மனசு நோகக்கூடாதே என்று, குரலைத் தாழ்த்தி அன்பாகச் சொன்னாள்.

"ஒரு பத்து வருசம் கழிச்சு வாங்கண்ணா."