கூட்டத்தோடு ஒரு படம்

“ஏங்க, அந்தப் பையன் நம்மளையே போட்டோ எடுக்கறான்!”

சுமித்ரா ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள். சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க் கேபிள் கார் நிலையத்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் வரிசையில் நெரிந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் மகேந்திரன் விறுவிறுவென்று போய் அவன் கையைப் பிடித்தார்.

“பொம்பளைங்க நிக்கிற இடத்துல என்னடா படம்? போனைக் குடு.”

அவன் போனை நீட்டினான்.

மகேந்திரன் தள்ளத் தள்ளப் படங்கள் வந்தன. எல்லாமே சேலையும் கம்பளித் தொப்பியுமாக நம்மூர்க் கூட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் இவனும் சிரித்துக்கொண்டு.

“யாருப்பா இவங்கெல்லாம்?”

“தெரியாது அண்ணை. உங்களை மாதிரி வந்து போற ஆக்கள்.”

“அப்புறம் எதுக்கு எடுத்தே?”

“நான் கிஷோபன், யாழ்ப்பாணம். இஞ்ச ஹோட்டல்ல கோப்பை கழுவுறன். இந்த ஊரில எங்கட சனம் ஒருத்தரும் இல்லை. ‘உனக்குக் காய்ச்சல் எண்டா சுடுதண்ணி வைச்சுத் தர ஆளிருக்கோ’ எண்டு அம்மா நித்திரை இல்லாம அழுவா. நிறையப் பேர் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன். படம் அனுப்பு எண்டு கேட்டா. அதுதான் லீவு நாளில வந்து...”

மகேந்திரன் பிடித்திருந்த கையை விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. அம்மா!

“ஐயோ அக்கா, காட்டிக் குடுத்திடாதேங்கோ.”

சுமித்ரா கணவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“வணக்கம்மா! நாங்க கிஷோபனுக்குப் பக்கத்து வீடு. பையன் சாப்பாடெல்லாம் எங்க வீட்லதான். ரசம்னா உயிரை விடுவான்!”

“அவன் சாப்பிடற அரிசிக்கு என்ன விலைன்னும் சொல்லும்மா!” வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுக்க, மொத்தக் கூட்டமும் சிரித்துக் கையசைத்தது.

அந்தப் பக்கமும் சிரிப்பு. பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினார். “நல்லது பிள்ளை. அவனுக்குக் கேளாமப் போனை அங்கால கொண்டு போங்கோவன்.”

சுமித்ரா தள்ளிப் போனாள்.

“ஒவ்வொரு முறையும் வேற வேற முகமெல்லோ வருது. அவன் தனியத்தான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். அதை அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. நான் படம் கேக்காட்டி, லீவு நாள் முழுக்க அறைக்குள்ளையே கிடப்பான். கேட்டால்தானே இப்பிடி நாலு சனத்துக்கு நடுவில வந்து சிரிச்சுக்கொண்டு நிப்பான்.”