பூட்டியவர் திறக்க வேண்டும்

காற்றாலையை விட்டு இறங்கியதும் செல்வின் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டான்.

கூடப் பழுது பார்த்து இறங்கிய பெண் தன்னுடையதைக் கழற்றவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைட் ஆபீசுக்கு நடந்தாள்.

ஆடிக் காற்று. ராதாபுரம் பொட்டல் முழுக்க இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இது ஒன்று மட்டும் நின்றது.

மேலே ஏறுகிற ஒவ்வொருவரும் கீழே மின்பெட்டியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பூட்டில் பெயரும் போட்டோவும் இருக்கும். மாட்டியவரே திறக்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் காற்றாலையை ஓட்ட முடியாது. உயிர் காக்கிற விதி. வேறு யாராவது அறுத்தால், ஏன் அறுத்தோம் என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும்.

பழுது முடிந்ததா என்று மேனேஜர் ஜெபமணி கேட்டார். முடிந்தது என்றாள்.

பிறகு ஏன் ஓடவில்லை?

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவைப் பார்த்தாள்.

வேலைக்குச் சேருகிற அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி அதில் வைத்துவிடுவார்கள். எல்லாருடையதும் அங்கேதான். அவளுடைய ஒப்பந்தம் சித்திரையோடு முடிந்துவிட்டது; சான்றிதழ் கைக்கு வராததால்தான் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சென்னையில் ஜெர்மனி விசாவுக்கு அசலைக் காட்டியாக வேண்டும். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஏறக் கற்றுக்கொடுத்ததே கம்பெனிதான் என்றார் அவர். நாட்டுக்கே பசுமை மின்சாரம் தருகிறோம், ஆளாளுக்குப் பறந்துவிட்டால் இங்கே யார் ஏறுவது என்றார்.

நியாயமான கேள்விதான். சம்பளம் போடும்போது மட்டும் அது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“என் சர்ட்டிபிகேட்டைத் தாங்க சார். உங்க காத்தைத் தாரேன்.”

காற்றாலை ஏன் நிற்கிறது என்று கேட்கத் துணை மின்நிலையத்திலிருந்து போன் அடித்தது. மேனேஜர் எடுக்கவில்லை. விளக்கம் எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளலாம், போய் அவள் பூட்டை அறுத்துவிட்டு வா என்று, பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த செல்வினிடம் சொன்னார்.

செல்வின் அவளைப் பார்த்தான். பீரோவைப் பார்த்தான்.

எழுந்து கருவிப்பெட்டியைத் திறந்தான். கட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அதை அங்கேயே விட்டுவிட்டு, தன் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காற்றாலையை நோக்கி நடந்தான்.